நூறு வரைக்கும் நுரை

அக்கான்ரை முகத்தை உயிரோடை நான் கடைசியாப் பாத்தது நுரைக்குள்ளை. நெத்தி, கன்னம், நாடி எல்லாம் நுரை. கண் ரெண்டும் மூடியிருந்தது. அது நான் செய்த சவர்க்காரத்தின்ரை நுரை. பிறகு பெட்டிக்குள்ளை பூசி மினுக்கி வைச்ச ஒரு முகத்தையும் போனிலை காட்டினவை. அதை நான் கணக்கிலை எடுக்கேல்லை. எங்கடை அக்கா ஒரு நாளும் உதட்டுக்குச் சாயம் பூசினவ இல்லை.

நான் யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கம், நாரந்தனையிலை இருக்கிறன். அக்கா இருபத்தாறு வருசமாக் கனடாவிலை இருந்தவ. எங்களுக்குள்ளை ரெண்டு வயசுதான் வித்தியாசம். ஆனபடியால் அக்கா எண்டு கூப்பிட்டாலும் நீ, வா, போதான். வடிவு அவவுக்கு, வாய் எனக்கு எண்டு சொந்தக்காரர் சின்னனிலையே எங்களைப் பங்கு பிரிச்சு விட்டிட்டினம். வாயோடை சேர்த்துக் கோவமும் எனக்குத்தான் வந்தது. அதைப்பற்றி இப்ப சொல்லத்தான் வேணும்.

எங்கடை கிணறு சவர்த் தண்ணி, உப்புக் கரிக்கும். குடிக்கிற தண்ணி பவுசர் லொறியிலை வரும். குளிப்பு, முழுக்கு எல்லாம் கிணத்திலை. கடையிலை விக்கிற வாசச் சவர்க்காரத்தை அந்தத் தண்ணியிலை போட்டுத் தேய்ச்சுப் பாருங்கோ, நுரை எண்ட கதையே இல்லை. வெள்ளையா ஏதோ ஒரு ஆடை முகத்திலை ஒட்டிக்கொண்டு கழுவக் கழுவப் போகாது. சின்னனிலை நானும் அக்காவும் பயத்தம் மாவைத்தான் குழைச்சுப் பூசினனாங்கள். ஆறு வருசத்துக்கு முந்தி எங்கடை மாதர் சங்கத்திலை நாலு நாள் சவர்க்காரம் செய்யப் பழக்கினவை. தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய், சோடாக் காரம், தண்ணி, கொஞ்சம் கஸ்தூரி மஞ்சள். வேறை ஒண்டுமில்லை. தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் உப்புத் தண்ணியிலையும் நுரைக்கும் எண்டு படிப்பிச்சவ சொல்ல நான் நம்பேல்லை. வீட்டை கொண்டு வந்து கிணத்தடியிலை நிண்டு தேய்ச்சன். கை நிறைய நுரை. நாப்பது வயசுக்கு மேலை முதல் முறையா என்ரை சொந்தக் கிணத்துத் தண்ணியிலை நுரையைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்திட்டுது.

அண்டையிலையிருந்து முகத்துக்கு அதுதான். மாஜரின் பெட்டிக்குள்ளை ஊத்தி வைப்பன். இறுகினவுடனை மீன்பிடிக்கிற தங்கூசி நூலாலை துண்டு போடுவன். ஒவ்வொரு துண்டுக்கு மேலையும் ஒரு வேப்பிலையை வைச்சு அமத்தி அடையாளம் விழுத்துவன், அது என்ரை முத்திரை. பிறகு ஆறு கிழமை அலுமாரிக்கு மேலை காத்துப்படக் கிடக்க வேணும். காலமை எழும்பினவுடனை முகத்துக்குத் தண்ணி அடிச்சு, உள்ளங்கையிலை நுரை எழுப்பி, நெத்தியிலை தொடங்கிக் கீழை கொண்டு வந்து, அப்பிடியே விட்டிட்டு நூறு எண்ணுவன். நூறு முடியாமல் தண்ணி தொடக்கூடாது. இது சங்கத்திலை சொல்லித் தந்தது இல்லை, என்ரை சட்டம். மருந்து எண்டால் தோலுக்குள்ளை இறங்க நேரம் குடுக்க வேணும் எண்டு எனக்கு நானே ஒரு நியாயம் வைச்சிருந்தன்.

போன வருசம் அக்காவுக்கு மார்பிலை புற்றுநோய் எண்டு பிடிச்சினம். அத்தான் முந்தியே போயிட்டார். இருபத்திரண்டு வயசிலை ஒரு மகள், அவ்வளவுதான். நான் போய்ப் பாக்கிறதுக்கு விசாவுக்குப் போட்டன். இல்லையெண்டு வந்திட்டுது. திருப்பியும் போட்டன். திருப்பியும் இல்லையெண்டுதான் வந்தது. ஏனெண்டு எழுதியிருந்த கடிதத்தை அக்கான்ரை மகள்தான் வாசிச்சு விளங்கப்படுத்தினவள். நான் போனால் திரும்பி வர மாட்டனாம். இந்தச் சவர்க் கிணத்தையும் விட்டிட்டு நான் எங்கை போய் இருக்கப் போறன்.

அதாலை போன்தான் எங்களுக்கு. எனக்குக் காலமை ஆறரை எண்டால் அவவுக்குப் படுக்கப் போற நேரம். நான் கிணத்துக்கட்டிலை சிரட்டையைக் கவிட்டு அதிலை போனைச் சாத்தி வைப்பன். அவ அங்கை குளியலறைக் கண்ணாடியிலை வைப்பா. ரெண்டு பேரும் ஒண்டா முகம் கழுவுவம். மருந்து ஏத்த ஏத்த அவவுக்குத் தலைமயிர் எல்லாம் போச்சு. அதுக்கு அவ அழேல்லை. முகம் கறுத்து, காய்ஞ்ச வாழைத்தடல் மாதிரி வறண்டு வந்ததுக்குத்தான் அழுதவ. "கண்ணாடியிலை ஆரோ நிக்கிறாளடி" எண்டா ஒரு நாள். "ஆரெண்டாலும் பரவாயில்லை, அவளையும் கூட்டிக்கொண்டு வா கழுவுவம்" எண்டன். அதுக்குச் சிரிச்சா. நான் எங்கள் ரெண்டு பேருக்குமாச் சத்தமா எண்ணுவன். அவ ஏதோ டொக்டர் குடுத்த கிறீமைப் பூசிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நிப்பா. அந்த நூறு எண்ணிற நேரத்திலை நான் என்ரை கண்ணைத் திறந்து வைச்சு அவவையே பாத்துக்கொண்டு நிப்பன். அவவுக்கு அது தெரியாது.

"உந்த வேப்பெண்ணெய்ச் சவர்க்காரம் இஞ்சை வரைக்கும் மணக்குதடி" எண்டா ஒரு காலமை.

"நாறுது எண்டு சொல்லு."

"இல்லை, மணக்குது. இஞ்சத்தையான் கிறீமுக்கு ஒரு மணமும் இல்லை. முகம் கழுவின மாதிரியே இல்லை. நீ செய்யிறதிலை நாலு அனுப்பு. டொக்டரிட்டையும் கேட்டிட்டன், சும்மா எண்ணெய்ச் சவர்க்காரம் எண்டால் போட்டுப் பாக்கலாமாம்."

நாலு எண்டு கேட்டா. எனக்கு அண்டைக்கு முழுக்கச் சோறு இறங்கேல்லை, அவ்வளவு சந்தோசம். அவவுக்கு என்னாலை செய்யக் கூடியதாய் ஒண்டு இருந்திட்டுது எண்டு.

எங்கடை பக்கம் ஆரும் வெளிநாட்டுக்குப் போகினம் எண்டால் பெட்டி கட்ட முதல் ஊருக்குத் தெரிஞ்சிடும். பக்கத்து ஊர் சுருவிலிலை கோயில் திருவிழாவுக்குக் கனடாவிலையிருந்து வந்த ஒருதர் வெள்ளிக்கிழமை திரும்பிறார் எண்டு கேள்விப்பட்டு அவரிட்டைப் போனன். "ரெண்டு கிலோ தாங்கோ அக்கா. அதுக்கு மேலை ஏலாது" எண்டார். அவரின்ரை மனுசி பக்கத்திலை நிண்டவ. "என்ன வைக்கப் போறியள்?" எண்டு கேட்டா. கறித்தூளும் சவர்க்காரமும் எண்டன். "வேப்பெண்ணெய்ச் சவர்க்காரமோ? அது வேண்டாம் அக்கா. பலகாரம் முழுக்க நாறிப்போகும். தூள் எண்டால் தாங்கோ."

நான் ஓமோம் எண்டு தலையாட்டிப்போட்டு வந்திட்டன். வாற வழி முழுக்க மனுசியைத் திட்டிக்கொண்டு வந்தனான். உடம்பு சரியில்லாமல் ஒருத்தி அங்கை காத்துக்கொண்டிருக்கிறாள், இவவுக்குப் பலகாரத்தின்ரை மணம் பெரிசாப் போச்சு. வீட்டை வந்து சேரேக்கை எனக்கு யோசனை ஒண்டும் வந்து சேர்ந்திட்டுது.

யாழ்ப்பாணத்துத் தூளின்ரை மணத்துக்கு மேலை ஒரு மணமும் நிக்காது. செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், கறிவேப்பிலை எல்லாம் கறுக்க வறுத்து மில்லிலை குடுத்து அப்பதான் அரைச்சுக்கொண்டு வந்தனான். பைக்குள்ளை இன்னும் சூடு. அலுமாரிக்கு மேலை இருந்த சவர்க்காரத்திலை நாலை எடுத்தன். அது ஊத்தி நாலு கிழமைதான். சோடாக் காரம் போயிட்டுது, ஆனால் வடிவா இறுகேல்லை, விரலாலை அமத்தினால் பள்ளம் விழும். பொலித்தீனிலை சுத்தினால் சவர்க்காரம் வியர்க்கும் எண்டு சங்கத்திலை சொன்னவை, அதாலை வெறும் பேப்பரிலை சுத்தினன். சுத்தி, தூளுக்கு நட்ட நடுவிலை நாலையும் தாட்டு, மேலை இன்னும் தூள் கொட்டி, பையை மெழுகுதிரியிலை பிடிச்சு ஒட்டினன். மூக்கை வைச்சுப் பாத்தன். வேப்பெண்ணெய் எண்ட பேச்சே இல்லை. அந்த மனுசியும் மணந்து பாத்துப்போட்டு, "நல்ல தூள், ஆர் வறுத்தது?" எண்டு கேட்டா. நான் என்ரை மூளையை நானே மெச்சிக்கொண்டு வீட்டை வந்தன்.

நாலாம் நாள் பொதி போய்ச் சேர்ந்திட்டுது. அக்கா போனுக்கு முன்னாலை வைச்சுத்தான் பையை வெட்டினவ. தூளுக்குள்ளை கையை விட்டு ஒவ்வொண்டா எடுக்க எடுக்க அவவுக்குச் சிரிப்பு அடங்கேல்லை. "அடி கள்ளி, எங்கை கொண்டே ஒளிச்சு வைச்சிருக்கிறாய் பார்" எண்டா. பேப்பரைக் கழட்டி, ஒண்டை எடுத்து, துணியாலை தட்டித் துடைச்சு, வேப்பிலை அடையாளத்தைக் கமராவுக்குக் கிட்டக் காட்டினா. கஸ்தூரி மஞ்சளும் வேப்பெண்ணெயும் சேர்ந்த மண்ணிறச் சவர்க்காரம். அதிலை என்ன ஒட்டியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

"சரி, போடு. நான் எண்ணிறன்" எண்டன்.

அவ நுரை எழுப்பினா. என்ரை கிணத்துத் தண்ணியிலை வாறதை விட அங்கத்தைத் தண்ணியிலை நுரை ரெண்டு மடங்கு. முகம் முழுக்கப் பூசிக் கண்ணை மூடினா. நான் ஒண்டு, ரெண்டு எண்டு தொடங்கினன். பத்துக்குக் கிட்ட அவவின்ரை வாய் இறுகினது. முப்பது ஆகேக்கை மூடின கண்ணிலையிருந்து தண்ணி ஓடி நுரைக்குள்ளை ரெண்டு கோடு விழுந்திட்டுது. கை ரெண்டும் கைகழுவிற தொட்டின்ரை விளிம்பைப் பிடிச்சிருந்தது. எனக்கு விளங்கிட்டுது எண்டு நினைச்சன்.

"அழாதை அக்கா. ஊர் மணம் வந்திட்டுதோ?" எண்டன்.

அவ தலையை ஆட்டினா.

இருபத்தாறு வருசத்துக்குப் பிறகு எங்கடை கிணத்தடி மணம் அவவிட்டைப் போயிருக்குது, அழத்தானே செய்வா எண்டு நினைச்சன். எனக்கும் கண் கலங்கிட்டுது. அந்த நேரம் முடியக் கூடாது எண்டு எனக்கு ஆசை. அதாலை அண்டைக்கு வழக்கத்தை விட மெதுவா, ஆறுதலா எண்ணினன். எழுபது, எழுபத்தொண்டு எண்டு இடைக்கிடை மூச்செடுத்து எண்ணினன். நூறு எண்டு சொன்னவுடனை அவ குனிஞ்சிட்டா. கன நேரம் தண்ணிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு துவாயை முகத்திலை போட்டபடியே, "நல்லாயிருக்கடி. நான் படுக்கப் போறன்" எண்டு சொல்லிப் போனை வைச்சிட்டா.

என்ரை சவர்க்காரத்தைப் போட்டிட்டு அக்கா அழுதவ எண்டு அண்டைக்கு நான் மூண்டு வீட்டிலை போய்ச் சொன்னனான்.

அடுத்த நாள் எடுத்தால் அக்கான்ரை குரல் மட்டும்தான் வருது. கமரா பழுதாம். சரியெண்டு விட்டன். அதுக்கு அடுத்த நாளும் பழுதாம். மகளின்ரை போனிலை எடன் எண்டால் அவள் இரவு வேலைக்குப் போயிட்டாளாம். ஒரு கிழமை போச்சு, ரெண்டு கிழமை போச்சு. "சவர்க்காரம் எப்பிடி?" எண்டு கேட்டால் உடனை மறுமொழி வரும்: "நல்லாயிருக்கு. முகம் குளிர்ந்து போச்சு." "அப்ப காட்டன் பாப்பம்" எண்டால் பேச்சை மாத்திப்போடுவா. கிணத்துக்கட்டிலை போன் இருக்கும், அதிலை ஒரு கறுப்புச் சதுரம் தெரியும். அதுக்கு முன்னாலை நிண்டு நான் நூறு எண்ணுவன். எனக்கு விசர் வந்திட்டுது.

மூண்டாம் கிழமை வாயை விட்டிட்டன்.

"உனக்கு எங்களுக்கு முகம் காட்டப் பிடிக்கேல்லை. அதைச் சொல்லன். கமரா பழுது, கமரா பழுது எண்டு ஆரைப் பேய்க்காட்டிறாய்?"

"முகம் வடிவில்லையடி இப்ப" எண்டா, மெதுவா.

"நான் உன்ரை வடிவு பாக்கவோ காலமை காலமை வந்து நிக்கிறன்? சின்னனிலையிருந்து உனக்கு உந்த வடிவுத் திமிர்தான். சாகக் கிடந்தாலும் விடாது போல."

சொல்லிப்போட்டன். சாகக் கிடந்தாலும் எண்டு சொன்னனான். "முகம் காட்டேக்கை கதைப்பம்" எண்டு சொல்லி நானே போனை வைச்சன்.

அதுக்குப் பிறகு அவ எடுக்க எடுக்க நான் தூக்கேல்லை. நாலு தரம் எடுத்தவ. அஞ்சாம் தரம் குரலைப் பதிஞ்சு அனுப்பியிருந்தா. "கோவமே இன்னும்? சவர்க்காரம் முடியப் போகுதடி. நல்லா ஒத்துக்கொண்டிட்டுது. இன்னும் நாலு அனுப்பு." அதைக் கேட்டவுடனை எனக்குக் கோவம் பாதி ஆறிட்டுது. முழுக்க ஆறேல்லை. உடனை எடுத்துக் கதைச்சால் நான் இறங்கிப் போன மாதிரிப் போயிடும் எண்டு ஒரு வீம்பு. அண்டைக்கே எண்ணெய் வாங்கிப் புதுசா ஊத்தினன். அலுமாரிக்கு மேலை அடுக்கினன். இது இறுகட்டும், அனுப்பேக்கை கதைப்பம் எண்டு இருந்திட்டன்.

அது இறுக முதல் அக்காவை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போயிட்டினம். நெஞ்சிலை சளி கட்டினதாம். உடம்பிலை எதிர்த்து நிக்கிறதுக்கு ஒண்டும் மிஞ்சியிருக்கேல்லையாம். மூண்டு நாள். அக்கான்ரை மகள் எனக்குப் போன் எடுத்தது எல்லாம் முடிஞ்ச பிறகுதான்.

சாம்பலைக் கொண்டு அக்கான்ரை மகள் வந்தாள். தமிழ் விளங்கும், கதைக்கேக்கை சொல்லுத் தேடித் தேடிக் கதைப்பாள். கீரிமலையிலை கடலிலை கரைச்சிட்டு வந்து அடுத்த நாள் காலமை நான் கிணத்தடியிலை முகம் கழுவ நிக்கேக்கை ஒரு சின்னப் பையோடை வந்து பக்கத்திலை நிண்டாள்.

"சின்னம்மா, இது அம்மான்ரை குளியலறையிலை இருந்தது. எறிய மனம் வரேல்லை."

திறந்து பாத்தன். நாலு சவர்க்காரமும் உள்ளுக்கை கிடந்தது. மூண்டு நான் சுத்தின பேப்பருக்குள்ளையே, நான் சுத்தின மாதிரியே இருந்தது. நாலாவதிலை வேப்பிலை அடையாளம்கூட அழியேல்லை. ஒருக்கால் போட்டிருக்கிறா, அவ்வளவுதான். முடியப் போகுது, இன்னும் நாலு அனுப்பு எண்டவ.

செத்த மனுசியிலை கோவம் வருமோ எண்டு கேக்காதேங்கோ. எனக்கு வந்தது. "அப்ப எனக்குச் சொன்னதெல்லாம் பொய். என்ரை சவர்க்காரம் உங்கடை அம்மாவுக்குப் பிடிக்கேல்லை. பிடிக்கேல்லை எண்டு சொல்லியிருக்கலாமே" எண்டன். அவள் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டாள். "இதிலை என்ன குறை எண்டு நானே பாக்கிறன்" எண்டு அக்கா போட்ட அந்தத் துண்டை எடுத்துத் தண்ணியிலை நனைச்சன்.

"சின்னம்மா, வேண்டாம்" எண்டாள்.

அம்மான்ரை பொருளைக் கரைக்கிறன் எண்டுதான் பிள்ளை கவலைப்படுது எண்டு நினைச்சன். நுரை எழுப்பி முகம் முழுக்கப் பூசிக் கண்ணை மூடினன். எண்ணத் தொடங்கினன்.

அஞ்சிலை மூக்குக்குள்ளை தூள் மணம் ஏறினது. வறுத்த மிளகாயின்ரை மணம். பத்திலை கண்ணோரம் பிடிச்சது. பதினைஞ்சிலை கன்னம் ரெண்டும் அடுப்புக்குக் கிட்டக் கொண்டு போன மாதிரி எரிஞ்சது. கண் தன்ரை பாட்டிலை ஓடுது. எனக்கு அந்தக் கோடு ரெண்டும் ஞாபகம் வந்திட்டுது. நுரைக்குள்ளை விழுந்த கோடு. கிணத்துக்கட்டைப் பிடிச்சுக்கொண்டு இன்னும் எண்ணிப் பாத்தன். இருபத்தெட்டிலை ஏலாமல் போச்சு. வாளிக்குள்ளை முகத்தை வைச்சன். எனக்கு நல்ல தோல், வெய்யிலிலை காய்ஞ்சு தடிச்ச தோல். அவவுக்கு மருந்திலை வெந்த தோல்.

அக்கான்ரை மகள் வாளி வாளியா அள்ளி ஊத்தினாள். ஊத்திக்கொண்டே சொன்னாள். அண்டைக்கு அம்மான்ரை முகம் முழுக்கச் சிவந்ததாம். அடுத்த நாள் கண் திறக்க ஏலாமல் வீங்கிப் பிறகு தோல் உரிஞ்சதாம். முழுக்க ஆறவே இல்லையாம். "நான் உங்களுக்கு எடுத்துச் சொல்லப் போனனான். அம்மா என்ரை கையைப் பிடிச்சிட்டா. சின்னம்மாக்குத் தெரிஞ்சால் அவ தாங்க மாட்டா, பிறகு சவர்க்காரமே செய்ய மாட்டா எண்டு சொன்னவ. முகம் ஆறினவுடனை கமராவைப் போடலாம் எண்டு ஒவ்வொரு நாளும் கண்ணாடி பாப்பா."

"ஏன் பிள்ளை, எரிஞ்ச உடனை கழுவியிருக்கலாமே" எண்டன்.

"நானும் அதைத்தான் கேட்டனான்" எண்டாள் அவள். "நீங்கள் எண்ணிக்கொண்டு நிண்டியளாம்."

நூறு வரைக்கும் எண்ணினது நான்தான். அதுவும் ஆறுதலா எண்ணினனான்.